நம் கையாலேயே ஒரு தொலைநோக்கி!



முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் எல்லோரும் அரம் பிடித்திருக்கிறோம். எம்.எஸ். பிளேட்டை வைஸில் மாட்டி, ட்ரை ஸ்கொயரை வைத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ராவியதில் உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். வெர்னியரில் 0.02 மி.மீ. வரை அளக்கலாம். மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டுமானால் கம்ப்யூட்டர் மெஷின்தான், கையால் ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மைக்ரோமீட்டருக்குச் சிக்காத அளவை வெறும் கையால், ஒரு பழைய தகர டிரம்மைச் சுற்றி நடந்து நடந்தே கொண்டு வரலாம். அதுதான் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கும் வேலை. கொடும்பாளூரில் எங்கள் வீட்டு வாசலில் நான் அதைச் செய்தேன். எப்படி என்பதை நம் மெக்கானிக்கல் பாஷையிலேயே சொல்கிறேன்.

தொலைநோக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரண்டு பக்கமும் லென்ஸ் வைத்த குழாய். அதை வீட்டில் செய்வது கஷ்டம். நல்ல லென்ஸுக்கு இரண்டு வகைக் கண்ணாடி வேண்டும், நான்கு முகங்களைத் தேய்க்க வேண்டும். நியூட்டன் 1668-ல் வேறு வழி கண்டுபிடித்தார். லென்ஸுக்குப் பதிலாக ஒரு குழிவு ஆடி. தேய்க்க வேண்டியது ஒரே ஒரு முகம்! ஒளி கண்ணாடிக்குள்ளே போவதே இல்லை, மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. ஆகையால் கண்ணாடி உள்ளே எப்படி இருந்தாலும் பெரிய கவலை இல்லை.

வில்லியம் ஹெர்ஷல் என்று ஒருவர். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இசை சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். அவர் தானே தேய்த்த 6.2 அங்குல உலோக ஆடியை வைத்துத்தான் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்தார். ஆடியை மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது என்று 16 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருப்பாராம், தங்கை கரோலின் பக்கத்தில் நின்று சோறு ஊட்டி விடுவாராம். நம் ஊரில் இப்படி ஒரு தங்கை கிடைப்பாளா என்பது வேறு விஷயம்!

அவ்வளவு தூரம் போவானேன்? ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் 1968-ல் தொடங்கியபோது அங்கே இருந்த முதல் தொலைநோக்கி 38 செ.மீ. ஆடி கொண்டது. விலைக்கு வாங்கியதல்ல, கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்தது. அதற்குப் பின்னால் நின்றவர் வைணு பாப்பு. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வெளிநாட்டிலிருந்து வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு அங்கே வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்தில். 1986-ல் அதற்கு வைணு பாப்பு பெயரையே வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார்.

சரி, வேலைக்கு வருவோம்.

நான் எடுத்துக்கொண்டது 6 அங்குல விட்டம், அதாவது 150 மி.மீ. குவியத் தூரம் 1200 மி.மீ. 1200-ஐ 150-ஆல் வகுத்தால் 8, இதை எஃப் 8 என்பார்கள். முதல் தடவை செய்பவருக்கு இதுதான் வசதி. கண்ணாடி 19 மி.மீ. தடிமன். மேஜைக்குப் போடும் கனமான கண்ணாடியில் வெட்டியது போக மிச்சம் கிடக்கும், கடையில் சொன்னால் வட்டமாக வெட்டித் தருவார்கள். டஃபன்டு கண்ணாடி மட்டும் வேண்டாம். அதற்குள் ஏற்கெனவே இழுவிசையும் அழுத்தமும் அடைபட்டிருக்கும், தேய்க்கும்போது நம்மை ஏமாற்றிவிடும். ஓரத்தைச் சாணைக்கல்லால் தண்ணீர் விட்டு 45 டிகிரியில் 2 மி.மீ. சேம்ஃபர் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

அடியில் வைக்கும் வட்டத்திற்கு 'டூல்' என்று பெயர். இன்னொரு கண்ணாடியே வாங்கலாம். நான் வாங்கவில்லை. எங்க அப்பா கொத்தனார். வட்டமான சிமெண்ட் வில்லை ஒன்று வார்த்து, மேலே தரைக்குப் போட்டு மீந்த டைல்ஸ் துண்டுகளை எப்பாக்சி வைத்து ஒட்டிக் கொடுத்தார். நடுப்புள்ளியில் எந்தத் துண்டின் மையமும் சரியாக வரக்கூடாது, கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடியில் வளையம் வளையமாகக் குறை விழும் என்றேன். "முப்பது வருஷமா நேரா வையி நேரா வையின்னுதான் எல்லாரும் திட்டியிருக்காங்க. கோணலா வையின்னு கேக்குற மொத ஆளு நீதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

டூலை டிரம்மின் மேல் அசையாமல் பொருத்தி, கார்போரண்டம் பவுடர் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம் விட்டு, கண்ணாடியை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். நாலு தள்ளு தள்ளியதும் கண்ணாடியைக் கையிலேயே கொஞ்சம் திருப்ப வேண்டும், நாமும் டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். அவ்வளவுதான். பவுடர் 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 220, 320, 400 என்று நைசாகிக்கொண்டே போகும்.

இதில் குழி எப்படி விழுகிறது? அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மியில் கீழ்க்கல்தான் நடுவில் குழியும். இங்கே தலைகீழ், மேலே இருப்பது குழியும். கண்ணாடியைத் தள்ளும்போது அதன் ஒரு பகுதி டூலின் ஓரத்தைத் தாண்டி வெளியே தொங்குகிறது. அப்போது நம் கை எடை முழுவதும் கண்ணாடியின் நடுப்பகுதியும் டூலின் ஓரமும் சந்திக்கும் இடத்தில் இறங்குகிறது. ஆகவே மேலே நடு தேய்கிறது, கீழே ஓரம் தேய்கிறது. மேலே குழி, கீழே மேடு.

அந்தக் குழி சரியான கோளப் பரப்பாக வருவது ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு பரப்புகள் எந்தத் திசையில் தள்ளினாலும், எப்படித் திருப்பினாலும், இடைவெளி இல்லாமல் முழுவதும் ஒட்டியே நகர வேண்டுமானால் அவை ஒன்று சமதளமாக இருக்க வேண்டும், அல்லது கோளத்தின் பகுதியாக இருக்க வேண்டும். மூன்றாவது வடிவமே கிடையாது. எங்காவது மேடு இருந்தால் அங்கேதான் முதலில் உரசும், அதனால் அங்கேதான் முதலில் தேயும். தப்பு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது! நாம் செய்ய வேண்டியதெல்லாம் ஒரே பக்கமாகத் தேய்க்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதுதான். கை நடுக்கம், ஒருநாள் வேகம் ஒருநாள் சோம்பல் எல்லாம் சுற்றிச் சுற்றி வரும்போது சராசரியாகி மறைந்துவிடும். லேத்தில் ஸ்பிண்டில் ஆடினால் அந்த ஆட்டம் அப்படியே ஜாபில் விழும். இங்கே அப்படி விழ வழியே இல்லை.

குழியின் ஆழம் எவ்வளவு வேண்டும்? ஆரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 75-ன் வர்க்கம் 5625. வளைவு ஆரம் குவியத் தூரத்தைப் போல் இரு மடங்கு, 2400. ஆக 5625-ஐ 4800-ஆல் வகுத்தால் 1.17 மி.மீ. கண்ணாடியின் குறுக்கே ஸ்டீல் ரூலை நிறுத்தி, நடுவில் ஃபீலர் கேஜ் இலைகளை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 80-ஆம் நம்பரிலேயே இந்த ஆழம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு வரும் நைஸ் பவுடர்கள் எல்லாம் முந்தைய பவுடர் விட்ட குழிகளை அழிக்கத்தான்.

இந்த இடத்தில் எங்க அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் பல வீடுகளில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் வேலை நடந்தது. குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுற்றும் தட்டில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் தீட்ட வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலை பார்த்தவர்கள். மெஷினில் வெட்டிய கல் வெளிநாட்டிலிருந்து மலிவாக வர ஆரம்பித்ததும் வேலை படிப்படியாக நின்றுபோனது. தட்டு இப்போது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அஞ்சாவதுக்கு மேல் படிக்காத அம்மாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளக்கப் போனேன். அவர்கள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பவுடரு மாத்தறப்ப தண்ணி, துணி, வாளி அத்தனையும் மாத்தணும் தம்பி. பெரிய பவுடர்ல ஒரே ஒரு பருக்கை சின்ன பவுடர்ல கலந்தாலும் கீறல் விழுந்துரும். நகத்துக்குள்ளகூட இருக்கும், நகத்த வெட்டிட்டு வா" என்றார்கள். இணையத்தில் நான் படித்த பக்கங்களில் எல்லாம் இதைத்தான் முதல் விதியாகப் போட்டிருந்தது, நகம் பற்றி மட்டும் எழுதவில்லை.

இன்னொன்று. பவுடர் தேய்ந்துவிட்டதா, புதிது போட வேண்டுமா என்பதை எப்படி அறிவது? அம்மா உள்ளே அடுப்பு வேலையில் இருந்துகொண்டே, "சத்தம் செத்துப்போச்சு, வேற போடு" என்று குரல் கொடுப்பார்கள். கூர்மையான பருக்கைகள் இருக்கும்வரை சரசர என்று சத்தம் வரும். உடைந்து மாவானதும் சத்தம் அடங்கி, வழுக்க ஆரம்பிக்கும். மூன்று நாளில் எனக்கும் காது பழகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. உலர்ந்த கண்ணாடித் தூளும் பவுடரும் நுரையீரலுக்கு ஆகாது. எப்போதும் ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும், சிந்தியதைக் காயவிட்டுப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

நைசாகத் தேய்த்து முடித்த கண்ணாடி பால் போல் மங்கலாக இருக்கும். அதை மெருகேற்ற டூலின் மேல் கீல் போன்ற ஒரு பூச்சு வேண்டும். ரோசின் (சால்டரிங் வைக்கும்போது புகையுமே, அதே சரக்கு) உருக்கி, விளக்கெண்ணெய் சில சொட்டு சேர்த்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் மெல்லப் பள்ளம் விழும் பதத்திற்குக் கொண்டு வந்து டூலில் ஊற்றி, கட்டம் கட்டமாக வாய்க்கால் வெட்ட வேண்டும். இங்கே பவுடர் சீரியம் ஆக்சைடு, கண்ணாடிக்காரர்களிடம் கிடைக்கும். அதே தள்ளல், அதே சுற்றல். எனக்குப் பத்து மணி நேரம் ஆனது, ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துச் செய்தேன்.

இப்போது கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன அளவுக்கு வருகிறேன். கோளப் பரப்பு தூரத்து ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காது. அதற்குப் பரவளையம் வேண்டும். நமது 6 அங்குல ஆடியில் நடுப்புள்ளியைப் பொருத்தி வைத்துப் பார்த்தால் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் ஓரத்தில் உள்ள வித்தியாசம் 0.0003 மி.மீ.கூட இல்லை. மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு! இதை எதை வைத்து அளப்பது?

பிரான்ஸ் நாட்டு ஃபூக்கோ (பூமி சுழல்வதை ஊசல் கட்டிக் காட்டினாரே, அவரேதான்) 1858 வாக்கில் இதற்கு வழி சொன்னார். தேவையானவை பாதி சவர பிளேடும், ஊசியால் குத்திய அலுமினியத் தாளுக்குப் பின்னால் ஓர் எல்.இ.டி. பல்பும். ஆடியை நிமிர்த்தி வைத்து, வளைவு மையத்தில், அதாவது 2400 மி.மீ. தள்ளி இந்த விளக்கை வைத்தால், ஒளி திரும்பி வந்து பக்கத்திலேயே குவியும். அந்தக் குவியும் புள்ளியைப் பிளேடு முனையால் மெல்ல வெட்டிக்கொண்டே, பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சரியான கோளமாக இருந்தால் ஆடி முழுவதும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறமாகி அணையும். மேடு பள்ளம் இருந்தால் நிலவின் மலைகள் போல நிழல் விழும். பரவளையமாக இருந்தால் நடுப்பகுதியின் ஒளி ஓரிடத்திலும், ஓரத்தின் ஒளி சற்றுத் தள்ளியும் குவியும். விளக்கும் பிளேடும் சேர்ந்து நகரும்படி வைத்தால், நமது ஆடிக்கு அந்த வித்தியாசம் 1.17 மி.மீ. வர வேண்டும். எம் 6 போல்ட்டின் பிட்ச் 1 மி.மீ. அதைத் திருகிப் பிளேடை நகர்த்தினால், ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். 0.0003 மி.மீ.-ல் இருக்கும் விஷயத்தை ஒரு போல்ட்டின் ஒரு சுற்றாக மாற்றிக் காட்டுகிறது சவர பிளேடு!

நம்ப முடியாதவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஆடியின் மேல் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டுப் பிளேடு வழியாகப் பாருங்கள். விரல் வைத்த இடம் சூட்டில் வீங்கி, மேடாகத் தெரியும். பிறகு மெல்ல மெல்ல அடங்கும். கண்ணாடி விரல் சூட்டுக்கு வீங்குவதை அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பரவளையமாக்க, மெருகேற்றும் தள்ளலை நீளமாகவும் பக்கவாட்டில் வளைத்தும் சிறிது நேரம் செய்தால் நடு கொஞ்சம் ஆழமாகும். ஐந்து நிமிடம் தேய்ப்பது, ஒரு மணி நேரம் ஆற விடுவது, சோதிப்பது. பொறுமை இல்லாதவர்கள் எஃப் 10 ஆடி செய்துகொள்ளுங்கள். அந்த அளவில் கோளமாகவே விட்டாலும் நன்றாகத் தெரியும்.

பூச்சு இல்லாத கண்ணாடி விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்குதான் திருப்பும். நிலவுக்கு அதுவே போதும். பூச்சுக்கு அனுப்புவதற்கு முன்பே நாங்கள் நிலவைப் பார்த்துவிட்டோம். மற்றதற்கு அலுமினியப் பூச்சு வேண்டும். வெற்றிடத்தில் பூசித் தரும் இடங்களுக்குப் பார்சலில் அனுப்பி வாங்கலாம். வெள்ளி நைட்ரேட், அம்மோனியா வைத்து வீட்டிலேயே வெள்ளிப் பூச்சு செய்யும் பழைய முறையும் உண்டு. ஆனால் அந்தக் கலவையை எடுத்து வைத்தால் வெடிக்கும் பொருளாக மாறும். கெமிஸ்ட்ரி ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.

மீதி எல்லாம் தச்சு வேலை. ஜான் டாப்சன் என்ற அமெரிக்கத் துறவி, கப்பல் ஜன்னல் கண்ணாடியில் ஆடி தேய்த்து, பிளைவுட் பெட்டியில் வைத்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அவர் பாணிப் பெட்டிதான் நானும் செய்தது. 6 மி.மீ. பிளைவுட்டில் சதுரக் குழாய். இரண்டு பக்கமும் 4 அங்குல பி.வி.சி. மூடிகள், அவை பெட்டியின் அரைவட்ட வெட்டில் உட்கார்ந்து மேலும் கீழும் சாயும். அடியில் மைக்கா ஷீட் மேல் டெஃப்ளான் துண்டுகள், அதில் பெட்டி சுழலும். பேரிங் கிடையாது, கியர் கிடையாது. 45 டிகிரியில் வைக்கும் சின்னச் சமதள ஆடிக்கு முன்பக்கம் பூச்சுள்ள கண்ணாடி வேண்டும், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் இரட்டை உருவம் தெரியும். பழைய ஜெராக்ஸ் மெஷினுக்குள் அப்படிப்பட்ட ஆடி இருக்கிறது, ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கினேன். கண்ணருகு லென்ஸ் மட்டும் விலைக்கு வாங்கியது. 25 மி.மீ. லென்ஸ் போட்டால் 1200-ஐ 25-ஆல் வகுத்து 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. மொத்தச் செலவை நான் அப்பாவோடு விடுமுறையில் சித்தாள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தேன்.

2025 நவம்பரில் ஓர் இரவு. திருச்சி-மதுரை நாற்கர சாலை வெளிச்சம் படாத பக்கமாக, மூவர் கோயிலைத் தாண்டிய வயல் வரப்பில் வைத்தோம். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய மூன்று கோயில்களில் இரண்டுதான் இப்போது நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சனிக்கோளின் வளையம் அந்த ஆண்டு நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் உருண்டையில் ஊசி குத்தியது போல மெல்லிய கோடாகத் தெரிந்தது. இனி வரும் ஆண்டுகளில் அது விரிந்துகொண்டே போகும். பத்து மணிக்கு மேல் கிழக்கே வியாழன், பக்கத்தில் வரிசையாக நிலவுகள். அம்மா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "கீறல் ஒண்ணும் இல்ல" என்றார்கள். வியாழனைச் சொன்னார்களா, கண்ணாடியைச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

சூரியன் பக்கம் மட்டும் இதைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும். சூரியனுக்கு வேறு கருவி இருக்கிறது, காசே ஆகாது. கைக்கண்ணாடியைக் காகிதத்தால் மூடி 5 மி.மீ. ஓட்டை போட்டு, வெயிலைப் பிடித்து, இருட்டறைச் சுவரில் அடியுங்கள். விழும் வட்டம் ஓட்டையின் வட்டமல்ல, சூரியனின் உருவம். தூரத்தை 107-ஆல் வகுத்தால் அதன் விட்டம் கிடைக்கும். 10 மீட்டருக்கு 9 செ.மீ. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளைய கிரகணம் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? அன்று எங்கள் ஊர் மரத்தடிகளில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் வளையல் வளையலாக இருந்ததும் இதே கணக்குதான்.

லென்ஸும் வேண்டாம், ஆடியும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரிசாவின் பட்டாணி சாமந்தா இருக்கிறார். 1835 முதல் 1904 வரை வாழ்ந்த இவர், மூங்கிலும் மரக்குச்சியும் வைத்துத் தானே செய்த கருவிகளால் கோள்களை அளந்து 'சித்தாந்த தர்ப்பணம்' எழுதினார். 'டி' வடிவத்தில் இணைத்த இரண்டு குச்சிகள்தான் அவரது முக்கியக் கருவி. ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, குறுக்குக் குச்சியின் அளவுகளால் கோணம் அளப்பார். சர்வே பாடத்தில் தியோடலைட் பிடிக்கும் சிவில் நண்பர்கள் ஒருநாள் இதைச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செய்ய நினைப்பவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என்னைக் கேளுங்கள். என்னிடம் 80-ஆம் நம்பர் பவுடர் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது, சீரியம் ஆக்சைடும் கொஞ்சம் இருக்கிறது. டூலை அப்படியே தருகிறேன். அதில் ஏற்கெனவே 2400 மி.மீ. வளைவு இருப்பதால் அடுத்தவருக்கு வேலை கொஞ்சம் குறையும். நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள்.